கண் நீர் அழுத்த அறுவை சிகிச்சை: வெற்றியைக் காப்பாற்றும் மருந்துகள்

(உலக கிளாக்கோமா வாரத்தையொட்டி நோயாளிகள், அவர்களது குடும்பத்தினர், கிராமப்புற சுகாதாரப் பணியாளர்கள் ஆகியோருக்காக நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் கண் நீர் அழுத்த நோய்க்கு, அதாவது கிளாக்கோமாவுக்கு, ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். சிலருக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறோம். மற்றவர்கள் அவர்களோடு துணைக்கு வந்திருக்கும் மகன், மகள், மருமகள்கள். ஊர் ஊராகப் போகும் நம் சுகாதாரப் பணியாளர்களும் வந்திருக்கிறீர்கள். உங்கள் எல்லோரிடமும் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்த அரை மணி நேரம்.

வயிற்றில் ஆபரேஷன் செய்தால் என்ன கேட்போம்? "புண் ஆறிடுச்சா?" என்று கேட்போம். சீக்கிரம் ஆறினால் சந்தோஷம். கால் எலும்பு முறிந்தாலும் அப்படித்தான், கண்புரை ஆபரேஷனும் அப்படித்தான். ஆனால் கிளாக்கோமா ஆபரேஷன் மட்டும் நேர் எதிர். இதில் நாங்கள் போட்ட வழி முழுசாக ஆறி மூடிக்கொண்டால், ஆபரேஷன் தோற்றுப்போச்சு என்று அர்த்தம். அது ஆறவும் வேண்டும், அடைபடவும் கூடாது. அந்த நடுநிலையைப் பிடித்து வைப்பது கத்தி இல்லை, மருந்து. அதுவும் பெரும்பாலும் உங்கள் வீட்டில், உங்கள் கையால் போடும் சொட்டு மருந்து.

கண்ணுக்குள் ஓடும் நீர்

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். நம் கண்ணுக்குள், கருவிழிக்குப் பின்னால், ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. இது கண்ணீர் இல்லை. கண்ணீர் வெளியே, இது உள்ளே. நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோலிட்டர்தான் சுரக்கும். ஒரு சொட்டில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரக்கிற அளவுக்கு அது வெளியேறவும் வேண்டும். அதற்குக் கண்ணின் ஓரத்தில் ஒரு சல்லடை போன்ற வடிகால் இருக்கிறது. அந்த வடிகால் அடைபட்டால் நீர் தேங்கும், அழுத்தம் ஏறும். பெரும்பாலானவர்களுக்குக் கண் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. வரை இருக்கும். ஏறிய அழுத்தம் கண்ணின் பின்னால் இருக்கும் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். சிலருக்கு 21-க்குள் இருந்தாலும் நரம்பு கெடும். அதனால்தான் அழுத்தத்தை மட்டும் பார்க்காமல் நரம்பையும் பார்க்கிறோம்.

வலி இருக்காது. நேர் பார்வையும் கடைசி வரை நன்றாகவே இருக்கும். பக்கத்தில் வருவது தெரியாமல் போகும்; வாசற்படி இடிக்கும்; அவ்வளவுதான். நம் நாட்டில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 1 கோடியே 12 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று 2010-ல் கணக்கிட்டார்கள். தமிழ்நாட்டில் நடந்த ஆய்வுகளில், நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் தமக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருந்தார்கள்.

போன பார்வை திரும்ப வராது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஆபரேஷன் செய்வது இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான். அழுத்தத்தை ஒரு மி.மீ. குறைத்தாலும், நோய் மேலும் முற்றும் அபாயம் ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது என்று சுவீடன் நாட்டில் நடந்த நீண்ட ஆய்வு ஒன்று காட்டியது. அதனால் ஒவ்வொரு மி.மீ.யும் உங்கள் சொத்து.

ஆபரேஷனில் என்ன செய்கிறோம்?

சொட்டு மருந்தாலும் லேசராலும் அழுத்தம் கட்டுப்படாவிட்டால், அல்லது நோய் முற்றிய நிலையில் வந்தால், ஆபரேஷனுக்குப் போகிறோம். அதிகம் செய்வது ‘ட்ரபெக்குலெக்டமி’. 1968-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கெய்ர்ன்ஸ் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதினார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இதுதான் இன்றும் அடிப்படை.

மேல் இமைக்கு அடியில், வெள்ளை விழியில் ஒரு சிறிய மூடி போலத் திறந்து, அதற்குக் கீழே ஒரு துளை போடுகிறோம். பிறகு அந்த மூடியை மெல்லிய நூலால் தளர்வாகத் தைக்கிறோம். மதகுப் பலகையை முழுசாக இறக்காமல் கொஞ்சம் தூக்கி வைப்பது மாதிரி. உள்ளே இருக்கும் நீர் அந்த இடுக்கு வழியாகக் கசிந்து, வெள்ளை விழியின் மேல்தோலுக்கு அடியில் ஒரு சின்ன நீர்மேடாகத் தேங்கி, அங்கிருந்து உடம்பில் கலந்துவிடும். அந்த நீர்மேட்டை டாக்டர்கள் ‘பிளெப்’ என்பார்கள். மேல் இமை மறைத்துவிடுவதால் வெளியே தெரியாது.

இந்த நீர்மேடு உயிரோடு இருக்கும் வரைதான் ஆபரேஷன் உயிரோடு இருக்கிறது.

ஏன் தோற்கிறது?

நம் உடம்புக்கு ஒரு நல்ல குணம்: எங்கே வெட்டுப்பட்டாலும் ஓடிவந்து அடைக்கும். முதல் சில நாட்கள் வீக்கமும் சிவப்பும் வரும். அடுத்து நார் நெய்யும் செல்கள் அந்த இடத்துக்கு வந்து பெருகும். அவை நாரை நெய்து, சுருக்கி, இறுக்கித் தழும்பாக்கும். கையில் காயம் என்றால் இது வரம். கிளாக்கோமா கண்ணில் இதே வேலை நடந்தால், நாங்கள் போட்ட மதகை உடம்பே சிமெண்ட் வைத்துப் பூசிவிடும்.

இந்தப் பூச்சு வேலை ஆபரேஷனுக்குப் பின் முதல் இரண்டு மூன்று மாதங்களில்தான் மும்முரமாக நடக்கிறது. அதனால்தான் அந்தக் காலத்தில் உங்களை அடிக்கடி வரச் சொல்கிறோம்.

சிலருக்குத் தழும்பு வேகமாக விழும். இளம் வயதுக்காரர்கள், ஏற்கெனவே அந்தக் கண்ணில் வேறு ஆபரேஷன் செய்தவர்கள், முன்பு செய்த ட்ரபெக்குலெக்டமி அடைபட்டுப் போனவர்கள், கண்ணுக்குள் அழற்சி வந்து போகிறவர்கள், சர்க்கரை நோயால் கண்ணுக்குள் புது ரத்தக் குழாய்கள் முளைத்தவர்கள், பல வருஷம் பலவகைச் சொட்டு மருந்து போட்டுக் கண் சிவந்தே இருப்பவர்கள். இவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு தேவை. அந்தப் பாதுகாப்பு மூன்று கட்டமாக வருகிறது: ஆபரேஷனுக்கு முன், ஆபரேஷன் மேசையில், ஆபரேஷனுக்குப் பின்.

முன்னால்: கண்ணைத் தயார் செய்வது

நாள்பட்ட சொட்டு மருந்துகளும், அவை கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனமும் வெள்ளை விழியின் மேல்தோலைச் சிவக்க வைக்கும். சிவந்த தோலில் தழும்பு சீக்கிரம் விழும். அதனால் ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பு மருந்தை மாற்றுவோம், சிலருக்கு லேசான ஸ்டீராய்டு சொட்டு கொடுப்போம். இப்படிச் செய்தால் அந்தத் தோலின் அழற்சி குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இமை ஓரத்தில் பொடுகு, சீழ் இருந்தால் அதையும் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இதில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கொண்டுவந்து காட்டுங்கள். முக்கியமாக இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை. "ஆபரேஷன்னு சொன்னாங்க, நானே நிறுத்திட்டேன்" என்று வந்து நிற்காதீர்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதைக் கண் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்வார்கள்.

மேசையில்: ‘புற்றுநோய் மருந்தா சார்?’

சம்மதப் படிவத்தில் மைட்டோமைசின் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, வீட்டில் படித்த பிள்ளைகள் செல்போனில் தேடுவார்கள். "சார், இது கேன்சர் மருந்துனு போட்டிருக்கே?" என்று பதறிக்கொண்டு வருவார்கள். நியாயமான கேள்வி.

ஆமாம், அது புற்றுநோய் மருந்துதான். 1950-களில் ஜப்பானில், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்தார்கள். புற்றுநோய் செல் பெருகுவதைத் தடுக்கும் அதே குணம், தழும்பு நெய்யும் செல்லையும் தடுக்கும். இதைக் கிளாக்கோமா ஆபரேஷனில் பயன்படுத்தலாம் என்று 1983-ல் தைவானைச் சேர்ந்த சென் என்ற கண் மருத்துவர் வெளியிட்டார்.

எவ்வளவு போடுகிறோம்? ஒரு மில்லி தண்ணீரில் 0.2 முதல் 0.4 மில்லிகிராம் வரை கலந்த கரைசல். அதில் சின்னப் பஞ்சை நனைத்து, வெள்ளை விழியின் தோலுக்கு அடியில் இரண்டு மூன்று நிமிடம் வைப்போம். பிறகு பஞ்சை எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவோம். முடி கொட்டாது, வாந்தி வராது. புற்றுநோய்க்கு நரம்பில் ஏற்றும் அளவோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆனால் அந்த இரண்டு மூன்று நிமிடத்தின் பலன் அந்த இடத்தில் நீண்ட காலம் நிற்கும். மைட்டோமைசின் வைத்துச் செய்த கண்களில் அழுத்தம் நன்றாக இறங்குகிறது, அடைபடுவது குறைகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் உறுதியாகியிருக்கிறது.

இதற்கு அண்ணன் மாதிரி இன்னொரு மருந்து உண்டு. ஃபைவ் எஃப்யூ என்பார்கள். 1980-களில் அமெரிக்காவில், தழும்பு விழும் வாய்ப்பு அதிகமுள்ள 213 பேரை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. ஒரு பகுதியினருக்கு ஆபரேஷனுக்குப் பின் முதல் வாரம் தினம் இரண்டு முறை, அடுத்த வாரம் தினம் ஒரு முறை, கண்ணின் மேல்தோலுக்கு அடியில் இந்த ஊசி. இரண்டு வாரத்தில் 21 ஊசி! ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஊசி போடாதவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஆபரேஷன் தோற்றிருந்தது. ஊசி போட்டவர்களில் 51 சதவீதம். தழும்பைத் தடுத்தால் ஆபரேஷன் நிலைக்கும் என்று நிரூபித்த ஆய்வு இது. இன்று யாரும் 21 ஊசி போடுவதில்லை. பெரும்பாலும் மேசையிலேயே மைட்டோமைசின். தேவைப்பட்டால் பிறகு ஓரிரு ஃபைவ் எஃப்யூ ஊசி.

மருந்து என்றால் மறுபக்கமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. தழும்பை அளவுக்கு மீறித் தடுத்தால் நீர்மேட்டின் தோல் காகிதம் போல மெலிந்துவிடும். அதிலிருந்து நீர் வெளியே கசியலாம். அழுத்தம் தேவைக்கும் கீழே இறங்கிப் பார்வை மங்கலாம். மெலிந்த தோல் வழியாகக் கிருமி நுழையலாம். அதனால்தான் எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. முதல் முறை ஆபரேஷன் செய்யும் வயதானவருக்கு ஒரு அளவு, ஏற்கெனவே தோற்றுப்போன கண்ணுக்கு ஒரு அளவு. பஞ்சைச் சின்ன இடத்தில் அழுத்தி வைக்காமல் அகலமாகப் பரப்பி வைத்தால் நீர்மேடு பரந்து, பாதுகாப்பாக அமைகிறது என்பதை லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையைச் சேர்ந்த பேராசிரியர் பெங் காவ் குழுவினர் காட்டினார்கள். இப்போது பல இடங்களில் அப்படித்தான் செய்கிறோம்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அதைக் கண்டிப்பாக முன்னாலேயே சொல்ல வேண்டும். இந்த இரண்டு மருந்தையும் அவர்களுக்குத் தவிர்ப்போம்.

பின்னால்: உங்கள் கையில் இருக்கும் பகுதி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மேசையில் எங்கள் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடுத்த மூன்று மாதம் உங்கள் வேலை.

ஆபரேஷனுக்குப் பின் பொதுவாக மூன்று வகைச் சொட்டு எழுதுவோம்.

முதலாவது, கிருமி வராமல் தடுக்கும் ஆன்டிபயாட்டிக். இது ஓரிரு வாரம், சில நேரம் கொஞ்சம் கூடுதலாக.

இரண்டாவது, அட்ரோபின், ஹோமட்ரோபின் வகை. இது பாப்பாவை விரித்து வைக்கும். கண்ணுக்குள் தசை ஓய்வெடுக்கும், வலி குறையும், முன்னறை ஆழமாக நிற்கும். இதைப் போட்டால் கிட்டப் பார்வை மங்கலாகத்தான் இருக்கும், வெளிச்சம் கூசும். "ஆபரேஷன் பண்ணி பார்வை போச்சே" என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். மருந்தை நிறுத்தியதும் அந்த மங்கல் சரியாகும்.

மூன்றாவது, ஸ்டீராய்டு சொட்டு. தழும்புக்கு எதிரான நம் முதல் காவலாளி இதுதான். 1985-ல் வந்த ஒரு ஆய்வு, ட்ரபெக்குலெக்டமிக்குப் பின் ஸ்டீராய்டு சொட்டு போட்டவர்களுக்கு அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டதைக் காட்டியது. பல வருஷம் தொடர்ந்து பார்த்தபோதும் அந்த வித்தியாசம் நின்றது. மாத்திரையாகவும் ஸ்டீராய்டு சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் நன்மை இல்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. அதாவது, வேலையைச் செய்வது அந்தச் சின்னச் சொட்டுதான்.

முதலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எழுதுவோம். பிறகு வாரம் வாரமாகக் குறைத்து, இரண்டு மூன்று மாதத்தில் நிறுத்துவோம். இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது.

ஒன்று, சீக்கிரம் நிறுத்துவது. இரண்டாவது வாரம் கண் வெளுத்துவிடும், உறுத்தல் போய்விடும். "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மருந்து?" என்று விட்டுவிடுவார்கள். அல்லது பாட்டில் தீர்ந்துவிடும். அடுத்த பாட்டில் வாங்க யாராவது டவுனுக்குப் போக வேண்டும். பத்து நாள் ஓடிவிடும். வெளியே கண் வெளுத்திருக்கும் அந்த நாட்களில்தான் உள்ளே தழும்பு மும்முரமாக நெய்யப்படுகிறது. உங்களுக்கு வலிக்காது, தெரியாது. அழுத்தம் 12-லிருந்து 26-க்கு ஏறியிருப்பது அடுத்த முறை கருவியில் பார்க்கும்போதுதான் தெரியும்.

இரண்டு, நிறுத்தாமலே போடுவது. "இந்தச் சொட்டு போட்டா கண்ணு குளிர்ச்சியா இருக்கு" என்று மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி ஆறு மாதம், ஒரு வருஷம் வாங்கிப் போடுகிறார்கள். ஸ்டீராய்டு சொட்டை நீண்ட நாள் போட்டால், பொதுமக்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஓரளவு ஏறும். கிளாக்கோமா உள்ளவர்களுக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். கண்புரையும் சீக்கிரம் முற்றும். எந்த நோய்க்காக ஆபரேஷன் செய்தோமோ, அதே நோயை விலை கொடுத்து வாங்குவது போலத்தான்.

ஆகவே, சீட்டில் எழுதிய நாள் வரை போடுங்கள். அதற்கு ஒரு நாள் முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம்.

இன்னொரு குழப்பம் அடிக்கடி பார்க்கிறேன். ஆபரேஷன் செய்த கண்ணுக்குப் பழைய அழுத்தச் சொட்டுகளைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வோம். ஆனால் அடுத்த கண்ணுக்கு அதைத் தொடர வேண்டும். வீட்டில் என்ன ஆகிறது? இரண்டு கண்ணுக்கும் பழையதை நிறுத்திவிடுகிறார்கள், அல்லது புது மருந்தை இரண்டு கண்ணிலும் போடுகிறார்கள். ஆபரேஷன் ஆன கண்ணைப் பார்த்துப் பார்த்து, மற்றக் கண்ணைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. ஒரு எளிய வழி: பாட்டில் பெட்டியின் மேல் ‘வலது’, ‘இடது’ என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஒரு கண்ணின் மருந்துக்கு மட்டும் ரப்பர் பேண்ட் சுற்றி வையுங்கள்.

சொட்டு போடும் முறை

கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஸ்டீராய்டு சொட்டுகளில் சில பால் போல இருக்கும். மருந்து அடியில் தங்கிவிடும். அதைப் போடும் முன் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் போட்டால் முதல் பாதி வெறும் தண்ணீர்தான்.

தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை மெதுவாக இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு வழிந்துதான் போகும். பாட்டில் முனை கண்ணிலோ இமையிலோ படக் கூடாது. ஆபரேஷன் ஆன கண்ணின் மேல் இமையைத் தூக்கி அழுத்தக் கூடாது. நீர்மேடு அங்கேதான் இருக்கிறது. கண்ணை மூடி, மூக்கோரக் கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் லேசாக அழுத்துங்கள். மருந்து மூக்குக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

கண்ணைக் கசக்கக் கூடாது. தலைக்குக் குளிக்கும்போது டாக்டர் சொல்லும் வரை கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், கைவைத்தியச் சாறு எதுவும் வேண்டாம். அன்பாகச் சொல்கிறவர்களிடம் அன்பாகவே மறுத்துவிடுங்கள்.

மறுவருகையும் மருந்துதான்

மறுநாள், ஒரு வாரத்துக்குள், பிறகு முதல் மாதம் வாரா வாரம், அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. இப்படித்தான் பெரும்பாலும் தேதி கொடுப்போம். "சும்மா பாத்துட்டு அனுப்புறாங்க, ஒரு நாள் கூலி போச்சு" என்று நீங்கள் நினைக்கலாம். நாங்கள் சும்மா பார்ப்பதில்லை. நீர்மேடு சிவக்கிறதா, தட்டையாகிறதா, கசிகிறதா என்று பார்க்கிறோம். அடைபடத் தொடங்கினால், மூடியின் தையலை லேசரால் தளர்த்தலாம். ஃபைவ் எஃப்யூ ஊசி போடலாம். மெல்லிய ஊசியால் தழும்பை விலக்கிவிடலாம். ஸ்டீராய்டை மறுபடி கூட்டலாம். இவை எல்லாம் உரிய வாரத்தில் வந்தால்தான் பலிக்கும். மூன்று மாதம் கழித்து வந்தால் தழும்பு கல்லாகியிருக்கும்; மறுபடி ஆபரேஷன், இல்லையென்றால் குழாய் வைக்கும் ஆபரேஷன்தான் மிச்சம். அந்தக் குழாய்க் கருவிகளில் ஒன்றை மதுரையில் உள்ள ஆரோலேப் குறைந்த விலையில் தயாரிக்கிறது என்பது நமக்கு ஆறுதல். ஆனாலும் முதல் ஆபரேஷன் நிலைப்பதுதான் எல்லாவற்றையும் விட மலிவு.

"இதைவிட நல்ல மருந்து வராதா?" என்று கேட்கலாம். தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தழும்பைத் தூண்டும் ஒரு புரதத்தை மட்டும் தடுக்கும் மருந்தை உருவாக்கிப் பெரிய அளவில் சோதித்தார்கள்; 2007-ல் வெளியான முடிவில் சாதாரணத் தண்ணீர் ஊசிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. புது ரத்தக் குழாயைச் சுருக்கும் ஊசி, சர்க்கரை நோயால் வரும் ஒருவகைக் கிளாக்கோமாவில் உதவுகிறது. மற்றவர்களுக்கு மைட்டோமைசினை விஞ்சியதாகக் காட்டப்படவில்லை. எனவே இன்றைக்கு நம்மிடம் இருக்கும் நல்ல ஆயுதங்கள் பழைய ஆயுதங்களே. அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்துவோம்.

சிவந்த கண் எல்லாம் ‘மெட்ராஸ் ஐ’ இல்லை

கண் சிவந்தால் நம் ஊரில் உடனே "மெட்ராஸ் ஐ" என்று சொல்லி, மருந்துக்கடையில் ஒரு சொட்டு வாங்கிப் போட்டுவிடுகிறோம். கிளாக்கோமா ஆபரேஷன் ஆனவர்கள் இதைச் செய்யவே கூடாது. நீர்மேட்டில் கிருமி நுழைந்தாலும் கண் சிவக்கும். இது ஆபரேஷன் முடிந்து பல வருஷம் கழித்தும் வரலாம். சிவப்பு, வலி, பீளை, திடீர் மங்கல், கண்ணிலிருந்து வெந்நீர் மாதிரி ஓயாத கசிவு: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் வர வேண்டும். நாளைக்கு என்று தள்ளினால் ஒரே இரவில் கண் போகும் அளவுக்கு வேகமான தொற்று அது. "எனக்கு கிளாக்கோமா ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று ஓபி சீட்டு போடும் இடத்திலேயே சொல்லுங்கள்.

எங்கே போவது, யாரைக் கேட்பது?

நம் மாநிலத்தில் கண் மருத்துவத்துக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் கண் பிரிவு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கண் மருத்துவ உதவியாளரிடம் உங்கள் சீட்டைக் காட்டி ஆலோசனை கேட்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் பேசலாம்.

சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-ல் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகிறீர்கள். அந்த வீட்டில் கிளாக்கோமா ஆபரேஷன் ஆனவர் இருந்தால், மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: எந்தக் கண்ணுக்கு எந்தச் சொட்டு? பாட்டிலில் மருந்து இருக்கா? அடுத்து எப்போ வரச் சொன்னாங்க? ஒரு நிமிடம்தான் ஆகும். தேதி தாண்டியிருந்தால் அனுப்பிவையுங்கள்.

கூட்டத்தில் கேட்கப்பட்ட சில கேள்விகள்

*"எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆச்சு. அழுத்தம் 14. இனிமே வர வேண்டாமா?"*

வர வேண்டும், அம்மா. நன்றாக ஓடும் வடிகாலும் சில வருஷத்தில் மெதுவாகச் சுருங்கலாம். டாக்டர் சொல்லும் இடைவெளியில், மூன்று மாதமோ ஆறு மாதமோ, ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் ஒரு அழுத்தச் சொட்டு மறுபடி சேர்ப்போம். அது தோல்வி இல்லை.

*"அப்பாவுக்கு சர்க்கரை இருக்கு. ஸ்டீராய்டு சொட்டு போட்டா சர்க்கரை ஏறுமா?"*

சொட்டில் இருக்கும் அளவு மிகக் குறைவு. பொதுவாகப் பெரிய மாற்றம் வராது. கண் மூலையை அழுத்திக்கொண்டால் உடம்பில் சேர்வது இன்னும் குறையும். சர்க்கரை மாத்திரையை விடாமல் சாப்பிடட்டும். பயந்து சொட்டை நிறுத்தினால்தான் ஆபத்து.

*"எனக்கு இருந்தா என் தம்பிக்கும் வருமா?"*

உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மற்றவர்களைவிட அபாயம் கூடுதல். வந்தே தீரும் என்றில்லை. ஆனால் நாற்பது வயதுக்குப் பிறகு, முடிந்தால் அதற்கு முன்பே, ஒரு முறை கண் அழுத்தமும் நரம்பும் பார்த்துவிட வேண்டும். இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் உங்கள் தம்பிக்கு ஒரு போன் போடுங்கள்.

*"வேலைக்கு வெளியூர் போறேன். சொட்டு போட ஆள் இல்லை."*

செல்போனில் அலாரம் வையுங்கள்; பாட்டிலைச் சட்டைப் பையில் வைக்காமல் நிழலில், சூடு படாத இடத்தில் வையுங்கள். கண்ணாடி முன் நின்று தானே போடப் பழகலாம். டிஸ்சார்ஜ் ஆகும் முன் எங்கள் நர்ஸ் முன்னால் ஒரு முறை நீங்களே போட்டுக் காட்டுங்கள். சரியாக விழுகிறதா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். வெளியூரில் எங்கே இருந்தாலும் மறுவருகைத் தேதிக்கு வந்துவிடுங்கள். வர முடியாவிட்டால், டிஸ்சார்ஜ் சீட்டோடு அங்கே பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்குப் போய் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே மேசையில் சொட்டு மருந்து அட்டவணைத் தாள் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, போகும் முன் உங்கள் அடுத்த தேதியை அதில் எழுதிக்கொள்ளுங்கள்.